குரல் வந்திருக்கு

பிப்ரவரி 9

அன்பான அம்மாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டேன். வழி நெடுக மிஷன் குழுவினர் பாட்டுப் பாடிக்கொண்டே வந்தார்கள். எனக்கு வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்ததால் வாயைத் திறக்கவில்லை. ஊழியத்துக்குக் கிளம்பியவள் முதல் நாளே பையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்று யாரிடமும் சொல்லிவிடாதே.

நீ சொன்னபடி போன் பண்ணவில்லை. ஆபீஸ் அறையில் போன் இருக்கிறது, அதைத் தாண்டித்தான் தினமும் போகிறேன். கிளம்பும்போது நீ வாசலில் நின்றுகொண்டு, முகத்தைப் பார்க்காமல், "போன் வேண்டாம், எழுது" என்றாயே, அது எதற்கென்று எனக்குத் தெரியும். என் குரலும் அக்கா குரலும் ஒன்று. அவள் இருந்தபோதே போனில் நீ எத்தனையோ தடவை எங்களை மாற்றி மாற்றித் திட்டியிருக்கிறாய். குழுவில் யாராவது ஊருக்கு வரும்போதெல்லாம் கடிதம் கொடுத்தனுப்புகிறேன்.

ஆஸ்பத்திரி நீ நினைப்பது போல் பெரிது இல்லை. நீளமாக ஒரே ஒரு கட்டடம், தகரக் கூரை. முன்னால் கண் சோதிக்கும் அறை, நடுவில் ஆபரேஷன் அறை, பின்னால் ஆற்றைப் பார்த்தாற்போல் வார்டு. எனக்கு நம் ஊர் மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்த்த வேலையேதான். ஒரே வித்தியாசம், இங்கே யாரும் இந்த ஃபிரேம் என் முகத்துக்கு எடுப்பாக இருக்கிறதா என்று கேட்பதில்லை. எழுத்துப் படிக்கத் தெரியாதவர்கள் என்பதால் மூன்று கால் வைத்த ஒரு குறியைக் காட்டுவோம். கால் எந்தப் பக்கம் நீட்டியிருக்கிறதோ அந்தப் பக்கம் கையைக் காட்ட வேண்டும். ஒரு பெரியவர் கையோடு உடம்பையும் சேர்த்துச் சாய்த்து நாற்காலியிலிருந்து விழப் பார்த்தார்.

எனக்கு அக்கா இருந்த அறையையே கொடுத்திருக்கிறார்கள். டாக்டர் ஐயா வேறு அறை பார்க்கச் சொன்னார். நான்தான் இதுவே இருக்கட்டும் என்றேன். ஜன்னல் சரியாகச் சாத்த மாட்டேன் என்கிறது. ஆற்றுச் சத்தம் உள்ளே வந்துகொண்டே இருக்கிறது. அவள் இந்த ஆற்றில் போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. தண்ணீர் ஒன்றும் நடக்காததுபோல ஓடிக்கொண்டிருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த ஊர் மொழியில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அக்கா போனில் நமக்குச் சொல்லிக் காட்டிச் சிரிக்கவைத்த நாலு வார்த்தைதான். மேலே பாருங்க, கீழே பாருங்க, பயப்படாதீங்க, கண்ணைத் திறங்க. அவள் கடைசியைத் தப்பாகவே சொல்வாள், ஞாபகம் இருக்கிறதா? கண்ணும் கதவும் இங்கே கிட்டத்தட்ட ஒரே சொல். கண்ணைத் திறங்க என்பதற்குப் பதில் கதவைத் திறங்க என்பாளாம். முதல் நாள் காலையில் வார்டில் ஒரு அம்மாவுக்குச் சொட்டு மருந்து விடப்போய், நானும் என்னை அறியாமல் கதவைத் திறங்க என்று சொல்லிவிட்டேன். வார்டு முழுக்கச் சத்தம் நின்றுபோனது. கண்ணில் கட்டுப் போட்டிருந்தவர்கள் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள்.

மருந்து கட்டும் கம்பவுண்டர் அண்ணன் நம் ஊர்ப்பக்கத்து மனிதர்தான். இங்கே வந்து கல்யாணம் முடித்துத் தங்கிவிட்டவர். அவர் வெளியே வந்து மெதுவாகச் சொன்னார். "தங்கச்சி, இனிமே வார்டுல பேசறதுக்கு முன்னாடி கொஞ்சம் இருமிட்டுப் பேசு."

"ஏன் அண்ணே?"

"வேற ஆளுன்னு எங்களுக்குத் தெரியட்டும்."

முழங்கால் வலிக்குத் தைலம் தேய்த்துக்கொள். மெஷினை ஓயாமல் மிதிக்காதே.

உன் சின்னவள்


பிப்ரவரி 27

என் அன்புச் சின்னவளுக்கு அம்மா எழுதுவது,

கடிதம் கைக்கு வந்தது. கொண்டுவந்த பெண்ணுக்கு உட்கார நேரமில்லை, வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன். "அக்கா மாதிரியே இருக்காங்க ஆன்ட்டி" என்றாள். நல்லதாகச் சொல்கிறோம் என்று நினைத்துச் சொல்கிறார்கள், என்ன செய்வது?

இங்கே எல்லாம் வழக்கம்போல. பள்ளிச் சீருடை தைக்கும் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது. பட்டன் தைக்கும்போது ஊசித் துளை இரண்டாகத் தெரிகிறது. கண்ணுக்கு வைத்தியம் பார்க்கிற பெண்களைப் பெற்றவளுக்கு ஊசி கோக்க ஆள் இல்லை. மேல் வீட்டுக்காரி வந்து கோத்துக் கொடுத்துவிட்டு, ஒரு மணி நேரம் தன் மருமகளைப் பற்றிப் பேசிவிட்டுப் போகிறாள்.

அந்த அறையில் நீ இருக்க வேண்டாம். டாக்டர் வேறு அறை தருகிறேன் என்றபோது வாங்கிக்கொள்வதற்கென்ன? எல்லாவற்றிலும் உனக்கு ஒரு வீம்பு.

போதகர் மறுபடியும் வந்திருந்தார். நினைவு ஆராதனை நடத்திவிடலாம், எத்தனை நாள் இப்படியே இருப்பீர்கள் என்றார். யாருடைய நினைவுக்கு என்று கேட்டேன். அவர் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். படகு கவிழ்ந்தது, தேடினோம், கிடைக்கவில்லை என்றுதான் மிஷன்காரர்கள் எழுதினார்கள். இறந்துபோனாள் என்று யாரும் பார்த்துச் சொல்லவில்லை. தலையில் அடிபட்டுத் தான் யாரென்றே தெரியாமல் எங்கேயாவது ஒரு கிராமத்தில், யாரோ ஒருவர் வீட்டில் இருக்கக் கூடாதா? உலகத்தில் நடக்காததா? நீ அங்கே சும்மா இருக்கிற நேரத்தில் நாலு பேரிடம் விசாரி. அக்கரைக்குப் போகிறவர்களிடம் விசாரி. நீ ஊழியத்துக்கென்று போயிருக்கலாம். நான் உன்னை அனுப்பச் சம்மதித்தது இதற்குத்தான்.

அந்த வார்டில் எல்லாரும் உன் பக்கம் திரும்பினார்கள் என்று எழுதியிருந்தாயே, அதை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தேன். அவர்களும் அவள் வருவாள் என்று காத்துக்கொண்டிருக்கிறார்கள் போலிருக்கிறது. அப்படியானால் நான் ஒருத்தி மட்டும் பைத்தியம் இல்லை.

இருமிவிட்டுப் பேச வேண்டாம். எதற்கு இரும வேண்டும்?

அம்மா


மார்ச் 16

அன்பான அம்மாவுக்கு,

நீ கேட்டபடி விசாரித்தேன். உனக்கு எழுத ஒரு விஷயம் இருக்கிறது. எங்கே தொடங்குவது என்றுதான் தெரியவில்லை.

அக்கரையிலிருந்து ஒரு அம்மாளைக் கூட்டிவந்திருக்கிறார்கள். வலை பின்னுகிறவர். இரண்டு கண்ணிலும் புரை முற்றிப் பால் போல ஆகிவிட்டது. விரலை ஆட்டினால்கூடத் தெரியாது, வெளிச்சம் மட்டும் தெரியும். அந்த நிலையிலும் விரலால் தடவியே முடிச்சுப் போடுகிறார். இவரை அக்கா அன்றைக்கே ஆபரேஷனுக்குக் கூட்டிவந்துகொண்டிருந்தாள். அந்தப் படகில்தான். அம்மா, இவர் அந்தப் படகில் இருந்தவர்.

அன்றைக்குப் பிறகு இவர் ஆபரேஷனுக்குச் சம்மதிக்கவே இல்லை. யார் போய்க் கூப்பிட்டாலும், அந்தப் பெண் வந்து கூப்பிடட்டும், வருகிறேன் என்பாராம். இப்போது ஒரு கண்ணில் அழுத்தம் ஏறி வலி தாங்காமல் மகன் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். இன்னும் தள்ளிப்போட்டால் வெளிச்சமும் போய்விடும். ஆனாலும் கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மாட்டேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் எதுவும் யோசிக்காமல் பக்கத்தில் போய், "பயப்படாதீங்க" என்றேன். அவ்வளவுதான். அவர் பிடி தளர்ந்துவிட்டது. முகத்தைத் தூக்கி, ஏதோ கேட்டார்.

கம்பவுண்டர் அண்ணன் சொன்னார்: "நீ வந்துட்டியான்னு கேக்கறாங்க."

டாக்டர் ஐயா வாசலில் நின்றுகொண்டிருந்தார். என்னை வெளியே கூப்பிட்டார். "ஆமான்னு சொல்லும்மா" என்றார்.

"ஐயா, அது பொய்."

"எனக்குத் தெரியாதா? ஒரு கண்ணு போகப் போகுது. கண்ணு தெரிஞ்சதும் நானே உக்காந்து எல்லாத்தையும் சொல்றேன். பழி என்மேல இருக்கட்டும்."

உள்ளே போனேன். ஆமாம் என்பதற்கு இந்த மொழியில் ஒரே ஒரு எழுத்துதான். வாயைத் திறந்தாலே சொல்லியாகிவிடும். சொன்னேன். அந்த அம்மாள் என் கையைத் தேடிப் பிடித்து, உள்ளங்கையை விரலால் தடவினார். வலை முடிச்சைத் தடவுவது போலவே. அப்புறம் சரி என்று படுத்துக்கொண்டார்.

நாளைக்குக் காலையில் ஆபரேஷன்.

இன்னும் ஒன்று. எழுதலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. வார்டில் கட்டுப் போட்டவர்கள் சிலர், சாயங்காலம் நீ வந்து கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாயே, நன்றாக இருந்தது என்கிறார்கள். சாயங்கால நேரத்தில் நான் முன்னறையில் கண்ணாடிகளைத் துடைத்துக்கொண்டிருப்பேன். வார்டுக்குப் போவதே இல்லை. அவர்கள் பேச்சைத் தமிழில் சொன்ன கம்பவுண்டர் அண்ணனிடமே இதைச் சொன்னேன். கண் கட்டிக் கிடப்பவர்களுக்கு அப்படித் தோன்றும் என்றார். சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை.

எனக்காக ஜெபித்துக்கொள்.

உன் சின்னவள்


மார்ச் 30

சின்னவளே,

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து எனக்கு மெஷினில் கை ஓடவில்லை. ஒரு சட்டைக்கு இரண்டு கையும் வலக்கையாகவே வைத்துத் தைத்துவிட்டேன்.

வார்டில் வந்து உட்காருகிறவள் யாரென்று உனக்குத் தெரியவில்லையா? எனக்குத் தெரிகிறது. இங்கேயும் அப்படித்தான். மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணை மூடினால் குழாயடியில் யாரோ கால் கழுவுகிற சத்தம். அவள் முதலில் வலது காலைக் கழுவிவிட்டுத் தரையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டுவாளே, அதே சத்தம். எழுந்து போனால் தரை காய்ந்து கிடக்கும். நான் பயப்படவில்லை. எழுந்து போகாமல் அப்படியே படுத்திருக்கப் பழகிக்கொண்டேன். போய்ப் பார்த்தால்தானே போய்விடுகிறாள்.

நான் ஒன்று கேட்கிறேன். கோபப்படாதே. யாரோ ஒரு வலைக்காரிக்காக நீ ஆமாம் என்று சொன்னாய். அவள் யார், நான் யார்? எனக்காகவும் ஒரே ஒரு தடவை சொல்லக் கூடாதா? ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நான் வீட்டுக்கு வந்ததும் போன் பண்ணு. நான் கண்ணை மூடிக்கொள்வேன். நீ வேறு எதுவும் பேச வேண்டாம். "அம்மா, வந்துட்டேன்" என்று அவள் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டு வைத்துவிடு. அந்த 'வந்துட்டேன்' என்பதை அவள் கொஞ்சம் இழுப்பாள். உனக்குத் தெரியும். சின்ன வயதில் நீ அவளைப் போலப் பேசிக்காட்டி என்னிடம் அடி வாங்கியிருக்கிறாய்.

இது நடிப்பு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் கேட்கிறேன். பொய் என்றால் அந்தப் பாவம் என் கணக்கில் போகட்டும், உன் டாக்டர் ஏற்றுக்கொண்ட மாதிரி.

இந்த ஞாயிறு இல்லாவிட்டால் அடுத்த ஞாயிறு. நான் போன் பக்கத்திலேயே இருப்பேன்.

அம்மா


ஏப்ரல் 21

அன்பான அம்மாவுக்கு,

உன் கடிதம் கையில் கிடைத்தபோது நீ சொன்ன ஞாயிறுகள் தாண்டிவிட்டன. ஆனால் முன்பே கிடைத்திருந்தாலும் நான் போன் பண்ணியிருக்க மாட்டேன். ஏன் என்று எழுதுகிறேன். முழுவதும் படி. பாதியில் மடித்து வைத்துவிடாதே.

வலைக்காரம்மாவுக்கு ஆபரேஷன் நன்றாக நடந்தது. அன்று மத்தியானம் கட்டுப் போட்ட கண்ணோடு படுத்திருந்தவர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். கம்பவுண்டர் அண்ணனும் கூட வந்தார். அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். அண்ணன் கொஞ்சம் கொஞ்சமாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். நடுவில் நிறுத்தினார். சொல்லுங்கள் என்றேன். அவர் சொன்னது இதுதான்.

படகு கவிழ்ந்ததும் அக்கா ஒரு காலி எண்ணெய் டின்னைப் பிடித்து, அதன் கைப்பிடியில் இவர் கையை வைத்து, அதன்மேல் தன் கையை வைத்து அழுத்திக்கொண்டாளாம். தண்ணீர் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. அக்கா விடாமல் பேசிக்கொண்டே வந்தாளாம். பாதி இவர் மொழி, பாதி நம் மொழி. கண் தெரியாதவருக்குக் கரை எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது, அவள் பேச்சு மட்டும்தான். டின் இரண்டு பேரைத் தாங்கவில்லை. அது அமிழும் ஒவ்வொரு தடவையும் இவர் வாய்க்குள் தண்ணீர் போயிருக்கிறது. அப்புறம் கைமேலிருந்த கை எடுபட்டது. டின் சட்டென்று மேலே வந்தது. கொஞ்ச நேரம் பின்னாலிருந்து பேச்சு கேட்டது. அப்புறம் கேட்கவில்லை.

"ஏன் கையை எடுத்தே?" இதைத்தான் என்னிடம் கேட்டார். "நான் எடுக்கச் சொன்னேனா? நான் ஒண்ணும் சொல்லலையே. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

கம்பவுண்டர் அண்ணன் அழுதுகொண்டே சொன்னார். அக்காவாக இருந்து நான் என்ன பதில் சொல்வது அம்மா? அவள் சொல்ல வேண்டிய பதில் என்னிடம் எப்படி இருக்கும்? அங்கே சொல்ல எனக்குத் தெரிந்த வார்த்தை ஒன்றுதான். "பயப்படாதீங்க" என்றேன். அந்த அம்மாள் தலையை ஆட்டிக்கொண்டார், பதில் கிடைத்துவிட்டது போல.

மறுநாள் காலையில் கட்டைப் பிரித்தோம். டாக்டர் ஐயா விரலைக் காட்டினார், வலைக்காரம்மா எண்ணிச் சொன்னார். ஜன்னலைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். அக்கா எப்படி இருப்பாள் என்று அவர் ஒரு நாளும் கண்டதில்லை, அதனால் தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். அவர் என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பேசு என்று கையைக் காட்டினார். பேசினேன். என் கையை எடுத்துத் தன் கைமேல் வைத்துக் கொஞ்சம் அழுத்திப் பார்த்தார். அப்புறம் மெதுவாகத் தள்ளிவிட்டார்.

அண்ணனிடம் ஏதோ சொன்னார். அண்ணன் எனக்குச் சொல்ல மாட்டேன் என்றார். நான் விடவில்லை.

"குரல் வந்திருக்கு, ஆள் வரலைங்கறாங்க."

டாக்டர் ஐயா சொன்னபடி பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். அந்த அம்மாள் புதிதாகத் தெரிய ஆரம்பித்த கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். சொட்டு மருந்து விட நான் போனபோது வாயும் திறக்கவில்லை, கண்ணும் திறக்கவில்லை. ஒரு நர்ஸ்தான் விட்டாள். ஊருக்குப் போகிற அன்றும் மகன் தோளில் கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டே படித்துறையில் இறங்கிப் போனார். அவருக்கு இரண்டு வருஷமாக அவள் உயிரோடு இருந்தாள் அம்மா. நான் ஆமாம் என்று சொன்னதால் மறுபடியும் செத்துப்போனாள்.

அதனால்தான் நான் உனக்கு 'வந்துட்டேன்' என்று சொல்ல மாட்டேன். நீ கண்ணை மூடிக்கொண்டு கேட்பாய். போனை வைத்த பிறகு திறக்க வேண்டியிருக்குமே.

அக்கா வர மாட்டாள். அவளே கையை எடுத்திருக்கிறாள்.

நான் வேண்டுமானால் போன் பண்ணுகிறேன், நானாக. நீ சரி என்று எழுது.

உன் சின்னவள்


மே 26

அன்பான அம்மாவுக்கு,

ஊரிலிருந்து குழுவில் புதிதாக வந்தவர்கள் எல்லாருக்கும் கடிதம் கொண்டுவந்தார்கள். என் பெயரைக் கடைசி வரைக்கும் கூப்பிடவில்லை. அம்மாவைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்த்தோம், கடிதம் இருக்கிறதா என்று கேட்டதற்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள் என்றார்கள். நீ நன்றாக இருக்கிறாய் என்று அதிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

கோபம் இருந்தால் திட்டியாவது எழுதலாம். திட்டும்போது நீ ஒற்றுப் போடாமல் எழுதுவாய், அதைப் பார்த்தாலே எனக்கு வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும்.

போன வாரம் அக்கரைக்குப் போனேன். மழை பிடித்துவிட்டதால் ஆறு கலங்கி, கரையைத் தொட்டு ஓடுகிறது. ஆபரேஷன் முடிந்தவர்களுக்குக் கண்ணாடி கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், எல்லாரும் போகத் தயங்கினார்கள், நான் போகிறேன் என்றேன். வலைக்காரம்மா வீட்டு வாசலில் வலையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கண் திறந்திருந்தது. விரலால் தடவாமல் பார்த்தே பின்னிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் மூடிக்கொள்வார் என்று எதிர்பார்த்து ஒதுங்கி நின்றேன். மூடவில்லை.

கண்ணாடியை மாட்டிவிட்டேன். அவர் வலையை ஒரு பக்கம் வைத்துவிட்டு எழுந்து, வா என்று கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஓர் இடத்தில் நின்று தண்ணீரைக் காட்டினார். இந்த இடத்தில்தான் டின் ஒதுங்கியது போலிருக்கிறது. கம்பவுண்டர் அண்ணன் அன்று கூட வரவில்லை, எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் என் நெஞ்சில் விரலை வைத்து ஒரு கேள்வி கேட்டார். இந்த மொழியில் அது எனக்குத் தெரியும். உன் பெயர் என்ன என்று கேட்டார்.

சொன்னேன், என் பெயரை. அவர் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். சரியாக வரவில்லை. பரவாயில்லை.

இங்கே என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் அவர்தான் முதல். வார்டில் இன்னும் அக்கா பெயரைத்தான் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். நானும் திரும்பிப் பார்க்கிறேன்.

இனி வாரம் ஒரு முறை அக்கரை முகாம் எனக்குத்தான்.

உன் சின்னவள்


ஜூன் 8

என் மகளே,

அம்மா எழுதுகிறேன். எழுதாமல் இருந்தது கோபத்தால்தான். மறைக்க ஒன்றும் இல்லை. வந்த பிள்ளைகளிடம் கடிதம் இல்லை என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தும்போது, நன்றாக வேண்டும் அவளுக்கு என்று நினைத்தேன். பெற்றவள் நினைக்கக் கூடாததைத்தான் நினைத்தேன்.

டின் தாங்கவில்லை, கையை எடுத்துவிட்டாள் என்று நீ எழுதியதை நான் நம்பவில்லை. கண் தெரியாதவளுக்கு என்ன தெரியும் என்றேன். பிறகு தெருவில், கடையில், மெஷினில் என்று எந்த வேலை செய்தாலும் அந்தக் கை என்கூடவே வந்தது. அவள் எடுத்திருப்பாள். அவளைத் தெரியாதா எனக்கு? யாரையும் கேட்காமல் முடிவெடுக்கிறவள்தானே.

போதகரைக் கூப்பிட்டு அனுப்பினேன். நினைவு ஆராதனை வைத்துக்கொள்ளலாம் என்றேன். அவர் நல்ல மனிதர், ஏன் இப்போது என்று கேட்கவில்லை. குழாயடியில் சத்தம் இன்னும் கேட்கிறது. அது நின்றுவிடும் என்று நான் நினைக்கவில்லை, நிற்க வேண்டும் என்றும் கேட்கவில்லை.

உன்னுடைய போன மாதக் கடிதம் நேற்று வந்தது. ஆறு கலங்கி ஓடுகிறது, நான் போகிறேன் என்றேன் என்று எழுதியிருக்கிறாய். இனி வாரம் ஒரு முறை என்றும் எழுதியிருக்கிறாய். முதல் தடவை படித்தபோது வலைக்காரி வீட்டு வரிக்குத்தான் ஓடினேன். இரண்டாம் தடவைதான் என் கண்ணில் பட்டது. நீயும் அதே ஆற்றில், அதே மாதிரி ஒரு படகில் போய் வந்துகொண்டிருக்கிறாய். நீ போன நாளிலிருந்து நான் உனக்கு எழுதியதையெல்லாம் மனதில் ஓட்டிப் பார்த்தேன். அவளைப் பற்றிக் கேட்டிருக்கிறேன், வார்டைப் பற்றிக் கேட்டிருக்கிறேன், உன் குரலைக்கூடக் கேட்டிருக்கிறேன், அவளுக்காக.

உனக்கு நீந்தத் தெரியுமா?

அவளுக்குத் தெரியும். சித்தப்பா கூட்டிக்கொண்டு போய்க் கற்றுக்கொடுத்தார். அன்றைக்கு நீயும் போனாயா, காய்ச்சல் என்று வீட்டில் இருந்தாயா, எவ்வளவு யோசித்தும் எனக்கு ஞாபகம் வரவில்லை. உன்னைப் பெற்றவளுக்கு ஞாபகம் வரவில்லை. மேல் வீட்டுக்காரியிடம் போய் இதையா கேட்பேன்?

போன் பண்ணு. நீயாகவே பண்ணு. எடுத்ததும் கொஞ்ச நேரம் என்னால் பேச முடியாது. வைத்துவிடாதே.

அம்மா